உபவாச நாளை ஜெப நாளாகக் கடைப்பிடிப்பது எப்படி?

உபவாசம் இருக்க முன்வருகிறவர்கள் எத்தனை வேளை உண்ணாமல் இருக்க வேண்டும், தண்ணீர் அருந்தலாமா, எந்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்பவற்றைத்தான் வழக்கமாக முதலில் கேட்கிறார்கள். அவை தேவையான கேள்விகளே. அவற்றுக்குரிய விடைகளைப் பின்னால் சொல்கிறேன். அவற்றுக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, உணவை விட்டதனால் கையில் கிடைக்கும் நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்பது. சமைப்பது, உண்பது, பாத்திரங்களைக் கழுவி வைப்பது எல்லாம் சேர்ந்து ஒரு வேளை உணவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலவாகிறது. அந்த ஒரு மணி நேரத்தை அலுவலக வேலைக்கோ கைப்பேசிக்கோ கொடுத்துவிட்டு மாலையில் பசியோடு உட்கார்ந்திருந்தால், நாம் பட்டினி கிடந்திருக்கிறோம். உபவாசித்தோம் என்று சொல்வதற்கில்லை. உணவு இருந்த இடத்தில் ஜெபத்தை வைப்பதே உபவாசம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

வேதாகமம் உபவாசத்தைப் பெரும்பாலும் தனியே பேசுவதில்லை. தேவாலயத்தைவிட்டு நீங்காத அன்னாள் என்னும் முதிய விதவை இரவும் பகலும் உபவாசித்து, ஜெபம்பண்ணி ஆராதனை செய்தாள் என்று லூக்கா எழுதுகிறார். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தியைக் கேட்ட நெகேமியா உட்கார்ந்து அழுது, சில நாள் துக்கித்து, உபவாசித்து, பரலோகத்தின் தேவனை நோக்கி மன்றாடினார். அந்தியோகியா சபையார் பர்னபாவையும் பவுல் எனப்பட்ட சவுலையும் ஊழியத்திற்கு அனுப்புமுன் உபவாசித்து ஜெபித்து, பின்பு அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். இந்த இடங்களிலெல்லாம் உபவாசம் ஜெபத்திற்கு உடன்பிறந்ததுபோல் கூடவே வருகிறது. இஸ்ரவேலர் ஆண்டுதோறும் கடைப்பிடித்த பாவநிவாரண நாளைப் பற்றிய லேவியராகமக் கட்டளையோ உபவாசம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல், ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துதல் என்கிறது. வயிறு வெறுமையாவது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. உள்ளே நடக்க வேண்டியது அந்தத் தாழ்மை.

முதலில் நோக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள்

உபவாச நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே ஒரு குறிப்பேட்டில், எதற்காக உபவாசிக்கிறேன் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “ஆவிக்குரிய வளர்ச்சிக்காக” என்பதுபோன்ற பொதுவான வாக்கியம் அன்றைய மதியத்தில் பசி எடுக்கும்போது உங்களைத் தாங்காது. எஸ்றாவைப் பாருங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகும் வழியில் சத்துருக்கள் இருந்தார்கள். தேவனுடைய கரம் தம்மைத் தேடுகிறவர்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் முன்னமே சொல்லியிருந்தபடியால், அவனிடம் போர்வீரரையும் குதிரைவீரரையும் கேட்க எஸ்றா வெட்கப்பட்டார். ஆகவே அகாவா நதியண்டையில் உபவாசத்தைக் கூறி, தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் தங்கள் பொருள்களுக்காகவும் செவ்வையான வழியைக் கேட்டார்கள். யாருக்காக, எதற்காக, எந்த ஆபத்திலிருந்து என்று எல்லாமே அந்த ஜெபத்தில் தெளிவாக இருந்தது. நம்முடைய நோக்கமும் அப்படி இருக்கட்டும்: நோயுற்ற ஒருவருக்காக, எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்காக, விட முடியாத ஒரு பாவத்திலிருந்து திரும்புவதற்காக, பிரிந்துபோன ஓர் உறவுக்காக. தேவனுடைய பிரசன்னத்தில் இருப்பதற்காக மட்டுமே உபவாசிப்பதும் உண்டு. அப்படியானால் அதையே வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். உபவாசத்தைப் பற்றிய தவறான எண்ணங்களில் மிகுந்த வேதனையைத் தருவது, உண்ணாமல் இருந்தால் கேட்டது கிடைத்தே தீரும் என்ற எண்ணம். தாவீது தன் குழந்தை வியாதிப்பட்டபோது உபவாசித்து, இரா முழுதும் தரையிலே கிடந்தார். வீட்டின் மூப்பர் வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, அவர்களோடு சாப்பிடவுமில்லை. ஏழாம் நாளில் குழந்தை இறந்தது. அதைச் சொல்ல ஊழியக்காரர் பயந்தார்கள். தாவீதோ எழுந்து, குளித்து, எண்ணெய் பூசி, வேறு வஸ்திரங்களை உடுத்தி, கர்த்தருடைய ஆலயத்திற்குப் போய்ப் பணிந்துகொண்டு, அதன் பின்பே உணவருந்தினார். கர்த்தர் இரங்குவாரோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்று எண்ணி உபவாசித்ததாக அவர் சொன்ன விளக்கத்தில் நம்பிக்கை இருந்தது, உரிமைகோரல் இல்லை. கேட்டது மறுக்கப்பட்ட பின்பும் அவர் முதலில் சென்ற இடம் ஆலயம் என்பதைக் கவனியுங்கள். நெருங்கிய ஒருவருக்காக உபவாசித்து ஜெபித்தும் அவரை இழந்த விசுவாசிகள் நம் நடுவில் பலர் இருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் கூட்டி உபவாசித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்ற குற்றவுணர்வை அவர்கள் வருடக்கணக்காகச் சுமக்கிறார்கள். அந்தச் சுமையை வேதாகமம் அவர்கள்மேல் வைக்கவில்லை. நம் பசி தேவனுக்கு நாம் செலுத்தும் விலை அல்ல; அவர் விலை கேட்பவரும் அல்ல.

எந்த வகை, எவ்வளவு நேரம்

வேதாகமத்தில் மூன்று வகையான உபவாசங்களைக் காண்கிறோம். உணவை விட்டுத் தண்ணீர் மட்டும் அருந்துவது இன்று பெரும்பாலானோர் கடைப்பிடிக்கும் வகை. தானியேல் மூன்று வாரம் ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் தவிர்த்ததுபோல, சில உணவுகளை மட்டும் விலக்குவது இரண்டாவது வகை. தண்ணீரும் அருந்தாமல் இருப்பது மூன்றாவது. பாரசீக ராணியாயிருந்த எஸ்தரும் அவளுக்காகச் சூசானிலுள்ள யூதர்களும் மூன்று நாள் இரவும் பகலும் அப்படியிருந்தார்கள். தமஸ்கு வழியில் பார்வையிழந்த சவுலும் மூன்று நாள் அப்படியிருந்தார். இந்த மூன்றாம் வகை ஓர் இனத்தின் உயிரே கேள்விக்குறியான வேளையிலும், ஒரு மனிதனின் வாழ்வு தலைகீழாக மாறிய வேளையிலும் நடந்தது. வழக்கமான ஜெப வாழ்வுக்கு அதை மாதிரியாகக் கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்ணீரின்றி இருப்பது உடலுக்கு விரைவில் ஆபத்தாகிவிடும்.

திருச்சபையின் நீண்ட வழக்கமும் மிதமானதே. ஆதி சபையின் ஒழுங்குகளைக் கூறும் திதாகே என்னும் பழைய நூல், வாரந்தோறும் புதனும் வெள்ளியும் உபவாச நாள்கள் என்கிறது. கீழைத் திருச்சபைகள் அந்த இரு நாள்களையும் இன்றுவரை காத்துவருகின்றன. 18ஆம் நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் ஆக்ஸ்போர்டில் அவரோடிருந்தவர்களும் அதே நாள்களில் பிற்பகல் 3 மணி வரை உண்ணாமல் இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருநீற்றுப் புதனையும் புனித வெள்ளியையும் கட்டாய நோன்பு நாள்களாக வைத்து, 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை, ஒரு முழு உணவும் அதற்கு ஈடாகாத இரு சிற்றுணவுகளும் மட்டும் கொள்ளலாம் என்கிறது.

தொடங்குகிறவர்கள் ஒரே ஒரு வேளையோடு தொடங்குவது நல்லது. காலை உணவையோ மதிய உணவையோ விட்டு, அந்த நேரத்தை முழுவதுமாக ஜெபத்திற்குக் கொடுங்கள். வாரம் ஒரு முறை என்று நான்கைந்து வாரம் இது பழகிய பின்பு, ஓர் இரவு உணவிலிருந்து அடுத்த நாள் இரவு உணவு வரை இருக்கலாம். இது 24 மணி நேர உபவாசமாக இருந்தாலும் உண்மையில் விடுவது இரண்டு வேளைகளை மட்டுமே. இதற்கு மேல் நீண்ட உபவாசத்திற்குப் போகிறவர்கள் தங்கள் போதகரிடம் அல்லது ஆன்மீக வழிகாட்டியிடமும் மருத்துவரிடமும் கலந்து பேசாமல் போகக்கூடாது. இயேசு 40 நாள் உபவாசித்தார், மோசே 40 நாள் உபவாசித்தார் என்று எண்ணி எடுத்த எடுப்பில் அந்த எண்ணிக்கையைக் குறிவைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையே உண்டாகிறது. நாள்களின் எண்ணிக்கையில் மனம் போய்விட்டால் ஜெபம் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டுவிடும்.

யார் உணவை விடக்கூடாது

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் உணவை விட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், பிள்ளைகள், சிறுநீரக நோயுள்ளவர்கள், எடை மிகக் குறைந்தவர்கள், உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டிய மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோரும் மருத்துவரின் சம்மதமின்றி உணவை விடக்கூடாது. உண்ணுதலில் கோளாறு இருந்து குணமானவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உபவாசம் பழைய நோய்க்குக் கதவைத் திறந்துவிடலாம். மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் அதற்குச் செவிகொடுக்காதீர்கள்.

இவர்கள் உபவாச ஜெபத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர். உணவை வழக்கம்போல் உண்டு, அன்றைய நாள் முழுவதும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் விட்டுவிட்டு, அதனால் கிடைக்கும் நேரத்தை ஜெபத்திற்குக் கொடுக்கலாம். அல்லது தானியேலைப்போல விருப்பமான ஓர் உணவை மட்டும் விலக்கலாம். ஏற்கெனவே சொன்னபடி, விட்ட இடத்தில் ஜெபம் வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

உடல்நலமுள்ளவர்களுக்கும் சில சிறு தொல்லைகள் வரும். தினமும் காபியோ தேநீரோ அருந்திப் பழகியவர்களுக்கு, அதை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவது இயல்பு. அதைப் பசியின் விளைவு என்றோ சோதனை என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்திற்கு முன்பிருந்தே சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். தண்ணீரை நாள் முழுவதும் பரவலாக அருந்துங்கள். முழங்காலில் நெடுநேரம் இருந்துவிட்டு எழும்போது மெதுவாக எழுந்திருங்கள், தலைசுற்றும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், அடங்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே உபவாசத்தை முடித்துக்கொண்டு உதவி நாடுங்கள்.

முந்தின நாள்

உபவாசத்திற்கு முந்தின இரவில் வயிறு நிறைய உண்டு ஈடுகட்ட முயல வேண்டாம். மறுநாள் பசி அதிகமாவதைத் தவிர அதனால் பயனில்லை. வழக்கமான அளவோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ உண்ணுங்கள். வாசிக்க வேண்டிய வேதபகுதிகளையும் ஜெபிக்க வேண்டியவர்களின் பெயர்களையும் அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். காலையில் எழுந்து தேடத் தொடங்கினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

யாரோடாவது மனத்தாங்கல் இருக்குமானால் கூடியவரை அன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஏசாயா 58ஆம் அதிகாரத்தில், நாங்கள் உபவாசித்தும் நீர் ஏன் நோக்காமற்போனீர் என்று கேட்ட ஜனங்களுக்குக் கர்த்தர் கொடுத்த பதில், உபவாச நாளிலேயே அவர்கள் வழக்காடினார்கள், தங்கள் வேலைக்காரரை ஒடுக்கினார்கள் என்பது. வீட்டிலோ தொழிலிலோ நம்மிடம் வேலை செய்கிறவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை நிறுத்திவைத்துக்கொண்டு முழங்காற்படியிடுவதற்கு முன், அந்த அதிகாரத்தை ஒரு முறை முழுவதும் வாசித்துவிட வேண்டும்.

உபவாசிப்பதை யாரிடமும் சொல்லக்கூடாதா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. இயேசு மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், மனுஷர் காணும்படி முகத்தை வாடச்செய்வதைக் கண்டித்து, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்றார். புகழுக்காகக் காட்டிக்கொள்வதையே அவர் தடுத்தார். வீட்டில் சமைக்கிறவரிடம் நாளைக்கு எனக்கு உணவு வேண்டாம் என்று சொல்வது விளம்பரம் அல்ல, அவருடைய உழைப்புக்குச் செய்யும் மரியாதை. மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. யாராவது உணவுக்கு அழைத்தால் இன்று இயலாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னால் போதும். சமூக ஊடகத்தில் அன்றைக்கு எதையும் பதிவிடாதிருப்பது பாதுகாப்பானது.

அந்த நாளில்

காலையில் எழுந்தவுடன், இந்த நாளை உமக்குப் படைக்கிறேன் என்று சொல்லி, எழுதிய நோக்கத்தைக் கர்த்தர் முன்பாகச் சத்தமாக வாசியுங்கள். 51ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்து, பாவ அறிக்கையோடு தொடங்குவது நல்ல வழி. வேண்டுதல்களின் பட்டியலோடு நேராக உள்ளே நுழைந்துவிட வேண்டாம்.

நாளின் மையம், நீங்கள் விட்ட உணவு வேளை. வழக்கமாக மதியம் 1 மணிக்கு உண்பவரானால் சரியாக 1 மணிக்கு உங்கள் ஜெப இடத்தில் இருங்கள். உடல் அந்த நேரத்தைத் தானே நினைவூட்டும். அந்த ஒரு மணி நேரத்தை நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். இது சட்டம் அல்ல, உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். முதல் 5 நிமிடம் எதுவும் பேசாமல் அமைதியாக இருப்பேன். அடுத்த 15 நிமிடம் ஒரே ஒரு வேதபகுதியை இரண்டு மூன்று முறை வாசிப்பேன். எந்த வாக்கியத்தில் மனம் நிற்கிறதோ அதையே ஜெபமாக மாற்றிச் சொல்ல ஒரு 10 நிமிடம் ஆகும். அதன் பின் அரை மணி நேரம் பிறருக்கான விண்ணப்பம், ஒவ்வொரு பெயராக. மதிய வேளையில் தூக்கம் வருவது இயற்கையாகையால் இந்தப் பகுதியை வாய்விட்டுச் சொல்வேன். சில நாள் நடந்துகொண்டே சொல்வேன். இடையில் வேலை நினைவுகள் வந்தால் அவற்றோடு போராடாமல், குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு சொல்லாக எழுதிவைத்துவிட்டு ஜெபத்திற்குத் திரும்புவேன்.

வேலைக்குச் செல்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் தனிமை கிடைப்பது அரிது. அவர்கள் உணவு இடைவேளையில் 20 நிமிடம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தாலும், வெளியே நடந்துகொண்டே ஜெபித்தாலும் போதும். மீதியை மாலையில் நிறைவு செய்யலாம். அதற்கும் வாய்ப்பில்லாத நாளை உபவாசத்திற்குத் தேர்ந்துகொள்ளாமல், விடுமுறை நாளைத் தேர்ந்துகொள்வது மேல்.

உணவு வேளை போக மற்ற நேரங்களிலும் பசி வந்து வந்து போகும். அது வரும்போதெல்லாம் ஒரு சிறு ஜெபத்தால் அதற்கு விடைகொடுக்கப் பழகுங்கள். கல்லுகளை அப்பங்களாக்கும்படி சோதனைக்காரன் சொன்னபோது இயேசு உபாகமம் 8ஆம் அதிகாரத்தின் வார்த்தையை எடுத்துச் சொன்னார்: மனுஷன் அப்பத்தினால் மாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான். அந்த வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, பசிக்கும்போதெல்லாம் சொல்லி, நீங்கள் யாருக்காக உபவாசிக்கிறீர்களோ அவருடைய பெயரையும் கூடவே சொல்லுங்கள். நாள் முடியும்போது அந்தப் பெயரை முப்பது நாற்பது முறை கர்த்தர் முன்பாகக் கொண்டுபோயிருப்பீர்கள். சாதாரண நாளில் அது நடப்பதில்லை.

எதிர்பாராத இன்னொன்றும் நடக்கும். கோபம் வரும். நான் உபவாசிக்கத் தொடங்கிய காலத்தில், காலை ஜெபத்தை முடித்துவிட்டு வெளியே வந்த பத்து நிமிடத்தில் வீட்டாரிடம் எரிந்துவிழுந்தேன். அன்று மாலை வரை என் மனத்தில் ஜெபம் எழவில்லை. போய் மன்னிப்புக் கேட்ட பின்புதான் எழுந்தது. உணவு நம்முடைய எரிச்சலையும் கவலையையும் மூடிவைத்திருக்கிறது. மூடியை எடுத்ததும் அவை மேலே வருகின்றன. அவற்றைக் கண்டு சோர்ந்துபோகாமல், அன்றைய பாவ அறிக்கைக்கு உரியவை இவையே என்று ஏற்றுக்கொள்ளுங்கள். 387ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம், வாய் மட்டுமின்றிக் கண்ணும் காதும் கையும் காலும் உபவாசிக்க வேண்டும் என்றார். பறவைகளையும் மீன்களையும் உண்ணாமல் விட்டுவிட்டுச் சகோதரரைக் கடித்து விழுங்குவதால் என்ன பயன் என்று கேட்டார்.

விட்ட உணவின் விலையையும் மறக்க வேண்டாம். 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எர்மாவின் மேய்ப்பன் என்னும் நூல், உபவாச நாளில் உண்ணாமல் விட்ட உணவின் செலவைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ தேவையிலிருப்பவருக்கோ கொடுக்கச் சொல்கிறது. அந்தத் தொகையை அன்றைக்கே தனியாக எடுத்துவையுங்கள். நாளைக்கு என்று விட்டால் அது மற்றச் செலவுகளோடு கலந்துவிடும்.

குடும்பமாகவோ சபையாகவோ உபவாசிக்கும்போது முறை பெரிதாக மாறுவதில்லை. நடத்துகிறவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உண்ணாமல் வந்தவர் யார், உண்டுவிட்டு வந்தவர் யார் என்று வெளிப்படும் நிலையை யாருக்கும் உண்டாக்கக்கூடாது. நாள் முழுதும் பாடலும் பேச்சுமாக இராமல், ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து ஜெபிக்க அவ்வப்போது நேரம் விடுவதும் அவசியம்.

முடிக்கும் வேளையும் அதன் பின்பும்

குறித்த நேரம் வந்ததும் நேராக உணவுக்குப் போகாமல், நன்றி ஜெபத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உபவாசத்திற்குப் பின் பழமோ எளிதில் செரிக்கும் மென்மையான உணவோ சிறிய அளவில் எடுத்து, சற்று நேரம் கழித்து வழக்கமான உணவுக்கு வரலாம். ஐந்து நாளோ அதற்கு மேலோ ஏறக்குறைய எதையும் உண்ணாமல் இருந்தவர்கள் திடீரென்று நிறைய உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சட்டென்று இறங்கி, இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். நீண்ட உபவாசத்தை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தொடங்கவும் முடிக்கவும் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறித்த நேரத்திற்கு முன்பே முடித்துக்கொள்ள நேர்ந்தால், உடல் தாங்காமலோ, எதிர்பாராத விருந்தினர் வந்ததாலோ, மறந்துபோய் எதையோ வாயில் போட்டுக்கொண்டதாலோ, அன்றைய ஜெபம் வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். மறந்து உண்டிருந்தால் அந்த நிமிடத்திலிருந்து தொடருங்கள். முடித்துக்கொண்டிருந்தால், எடுத்துவைத்த ஜெப நேரத்தையாவது விடாமல் நிறைவு செய்யுங்கள்.

இரவு படுக்குமுன் குறிப்பேட்டைத் திறந்து, தேதியின் கீழே நான்கைந்து வரிகள் எழுதுங்கள்: வாசித்த பகுதி, மனத்தில் நின்ற வாக்கியம், ஜெபிக்கும்போது நினைவுக்கு வந்த ஒருவர், அவருக்காகச் செய்ய வேண்டியது. சிலவேளை அது ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கும். சிலவேளை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாக இருக்கும். அதைச் செய்து முடிக்க இந்த வாரத்தில் ஒரு நாளைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அடுத்த உபவாச நாளின் காலையில் புதிய நோக்கத்தை எழுதுவதற்கு முன், இந்தப் பக்கத்தை எடுத்து வாசித்து, குறித்ததைச் செய்தோமா என்று பார்த்த பின்பு முழங்காற்படியிடுங்கள்.